அடுப்புக்கல்லுக்கு வடகிழக்கே

நிலம் நகர்கிறது என்று சொன்னது நான்தான். அதை நான் மறுக்கவில்லை. புவியியல் படிப்பிக்கிற ஒருத்தி அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? ஆனால் நான் சொன்னது ஒன்று, என் அத்தான், அக்காவின் கணவர், அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு அந்த மாரிகாலம் முழுக்க நான் பட்ட எரிச்சலை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

சண்டை முடிந்து, எங்களை முகாமிலிருந்து விட்டு, கண்ணிவெடி எடுத்தாயிற்று என்று பலகை நட்ட பிறகு நாங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தோம். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஊர் எங்களுடையது. வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரையும் இடுப்பளவு சுவரும் மிஞ்சியிருந்தன. அதன்மேல் கூரையாகத் தரப்பாளைக் கட்டிக்கொண்டு அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் குடியேறினோம். நான் கலியாணம் செய்யவில்லை, அக்கா வீடுதான் என் வீடு. வேலிக்கு அப்பால், வடகிழக்குப் பக்கத்து வளவில் அத்தானின் தம்பியார் ஒரு சின்னக் கொட்டில் போட்டிருந்தார். கடைசிச் சண்டையில் மனைவியை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. காலையில் எழுந்தால் அண்ணனின் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு பல் விளக்குவார். அதைத் தவிர அவருக்குப் பார்க்க வேறு முற்றம் இல்லை.

நான் பஸ் ஏறி வங்காலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துவிட்டு வருவேன். பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகள் ஓ.எல். சோதனைக்குப் படிக்க எங்கள் வேப்பமரத்தடிக்கு வருவார்கள். கரும்பலகை கிடையாது. எரிந்த வீட்டின் கூரைத் தகரம் ஒன்றை மரத்தில் சாத்தி அதில் வெண்கட்டியால் எழுதினேன்.

இனி நகைக் கதை. இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

ஊரை விட்டு ஓடிய அன்று பின்னேரம் அக்கா தன் நகைகளைப் புதைத்தாள். பதக்கச் சங்கிலி, ஒரு சோடிக் காப்பு, எங்கள் அம்மாவின் கல்லுத்தோடு. வழியில் பறித்துவிடுவார்கள் என்று ஊரே பயந்தது. இரண்டொரு கிழமையில் திரும்பிவிடுவோம் என்று ஊரே நம்பியது. ஆகவே ஊரே புதைத்தது. அக்கா நகைகளைப் பொலித்தீனில் சுற்றி, பால்மா டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஊற்றி, பின்வளவில் நெல் அவிக்கிற அடுப்பின் நடுவில் குழி தோண்டி வைத்து மூடினாள். மேலே சாம்பலை வாரி விட்டாள். அடுப்படியில் மண் கிளறியிருப்பது யாருக்கும் தெரியாது என்பது அவளுடைய கணக்கு. நல்ல கணக்குத்தான். அவள் தோண்டும்போது கண்டது ஒரே ஒரு ஆள், வண்டில் கட்டக் கயிறு கேட்டு வந்த அத்தானின் தம்பியார்.

எங்கள் வீட்டு ஆட்கள் பொன்னைப் புதைத்தால் பக்கத்தில் ஓர் இரும்பாணி அடிப்பார்கள். ஆணி அடிக்காத பொன் ஒரே இடத்தில் கிடக்காது, மண்ணுக்குள் நடந்து திரியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அக்கா அந்த அவசரத்தில் ஆணி அடிக்க மறந்துவிட்டாள்.

திரும்பி வந்த கையோடு அத்தான் பின்வளவில் மண்டியிருந்த பற்றையை வெட்டினார். நெல் அவிக்கிற அடுப்பின் மூன்று கல்லும் வைத்தது வைத்தபடி கரி பிடித்துக் கிடந்தன. அக்கா அவற்றைக் கண்டதும் கை தட்டிச் சிரித்தாள், முகாமுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. அத்தான் நடுவில் தோண்டினார். சாம்பல் வந்தது, கரிய மண் வந்தது, அதற்குக் கீழே களிமண் வந்தது. டின் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அகட்டித் தோண்டினார். ஒரு பழைய கரண்டிக்காம்பு வந்தது.

அக்கா சுவரில் குந்திவிட்டாள். "நான்தான் ஆணி அடிக்கேல்லை" என்றாள். அத்தான் மண்வெட்டியைக் கழுவி வைத்தார். அவருடைய கண் இரண்டு மூன்று தரம் தம்பியாரின் கொட்டில் பக்கம் போய் வந்ததை நானும் கண்டேன், அக்காவும் கண்டாள்.

அந்தக் கிழமைதான் பிள்ளைகளுக்குப் புவித்தகடுகள் பாடம் வந்தது. என் காலக்கொடுமை.

நான் அந்தப் பாடத்தை நன்றாகச் செய்வேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தகரத்தில் படம் கீறினேன். பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல, பெரிய பெரிய தகடுகளாகக் கிடக்கிறது, ஒவ்வொன்றும் மெல்ல நகர்கிறது என்றேன். இரண்டு தகடுகள் மோதி ஒன்று மற்றதன் கீழே புகும்போது, ஆழத்தில் பாறைக்குள் இருந்த நீர் சூட்டிலும் அமுக்கத்திலும் பிழிபட்டு வெளியே வருகிறது. அந்தக் கொதிநீர் பாறையில் தூள்தூளாகக் கலந்து கிடக்கிற பொன்னைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். மோதலில் நிலம் வெடித்த வெடிப்புகளால் அது மேலே ஏறும். மேலே வர வர சூடும் அமுக்கமும் குறையும். அப்போது அதனால் பொன்னைச் சுமக்க முடியாது, வெள்ளைப் படிகக்கல்லோடு சேர்த்து அந்த வெடிப்புகளிலேயே விட்டுவிடும். அதுதான் பொன் இழை. உப்பளத்தில் தண்ணீர் போக உப்பு மிஞ்சுகிற மாதிரி என்று சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை, ஆனால் மன்னார்ப் பிள்ளைகளுக்கு உப்பளம் தெரியும்.

"அப்ப எங்கடை நிலமும் நகருதோ டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"ஓம். நாங்களும் இந்தியாவும் ஒரே பக்கமாய்த்தான் போறம். வடகிழக்காய். விரல் நகம் வளருற வேகத்திலை."

வேலிக் கம்பி நிமிர்த்திக்கொண்டிருந்த அத்தான் குறட்டைக் கீழே வைத்தார். "வடகிழக்காயோ?" என்று கேட்டார். நான் பெருமையாக "ஓம் அத்தான்" என்றேன். அறுபது வயது மனிதர் பாடத்தில் ஆர்வம் காட்டுகிறாரே என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் அடுப்புக்கல்லிலிருந்து வடகிழக்காக ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டியிருந்தார். இரும்பு அலவாங்கு ஒரு பக்கம், மண்வெட்டி ஒரு பக்கம், உடம்பெல்லாம் புழுதி.

"என்ன அத்தான் இது?"

"நீதானே பிள்ளை சொன்னனீ. மண் வடகிழக்காய்ப் போகுது. பொன்னும் மண்ணுக்குள்ளாலை இடம் மாறும். உன்ரை அக்கா வேறை ஆணி அடிக்கேல்லை. பின்னை அது எங்கை போயிருக்கும்?"

எனக்குத் தலையில் அடிக்கலாம் போல இருந்தது. அவரை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினேன். நகர்வது வளவுக்குள் இருக்கிற மண் அல்ல அத்தான், முழு நிலமும். வீடு, கிணறு, வேம்பு, அடுப்பு, நீங்கள், நான், கட்டுக்கரைக் குளம், மன்னார்க் கடல் எல்லாம் ஒன்றாகத்தான் போகின்றன. நாங்கள் ஊரில் இல்லாத அத்தனை வருடத்திலும் மொத்தமாக ஓர் எட்டு வைக்கிற தூரம் போயிருந்தால் பெரிது. அதுவும் எங்களோடு சேர்ந்து. வாயால் சொன்னது போதாது என்று ஒரு தட்டத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துத் தள்ளிக் காட்டினேன். தட்டம் போனால் கோப்பையும் போகும், தட்டத்தில் அது இருக்கிற இடம் மாறாது.

அவர் குனிந்து பார்த்தார். "தேத்தண்ணி சிந்தினதுதானே?" என்றார்.

"அது நான் கெதியாய்த் தள்ளினதாலை!"

"கெதியாய்ப் போறதோ மெல்லப் போறதோ, சிந்துறது சிந்தும்."

இப்படி ஒரு மனிதரோடு என்ன கதைப்பது? கோபத்தில் நான் இன்னொரு விசர்வேலை பார்த்தேன். "உங்கடை கதைப்படி பாத்தால் நிலம் முன்னாலை போக, பாரமான பொன் பின்னாலை நிண்டிருக்கவேணும். அப்ப நீங்கள் தென்மேற்கிலையல்லோ வெட்டவேணும்!" என்று சும்மா கொதிப்பில் கத்தினேன். அவர் யோசித்தார். மறுநாள் தென்மேற்கிலும் ஒரு குழி இருந்தது. அதற்குப் பிறகு அவர் முன்னால் நான் திசையின் பெயர் சொல்வதையே விட்டுவிட்டேன்.

விஷயம் எங்கள் வளவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லியிருக்கிறார்கள், பாடத்தை அல்ல, பாடத்தின் வாலை. டீச்சர் சொன்னவவாம், புதைத்த நகை எல்லாம் வடகிழக்கே போய்விட்டதாம். ஊரில் நகை புதைத்துக் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். வளவுக்கு வளவு வெட்டுச் சத்தம். மறிச்சுக்கட்டிப் பக்கம் கிணறு வெட்டின ஒருவருக்கு மண்ணோடு மண்ணாக மஞ்சள் தூள் அகப்பட்டதாம் என்று பஸ்ஸில் ஒரு கதை. அப்படி ஒரு துண்டை ஒருவர் கடதாசியில் சுற்றி எனக்குக் காட்டவும் செய்தார். வெயிலில் பளபளத்தது, நகத்தால் கிளப்பினால் தாள் தாளாக வந்தது. மைக்கா. அதைச் சொன்னபோது அவர் என்னை ஒரு வஞ்சகியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுக் கடதாசியைப் பத்திரமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

வங்காலையில் எனக்கு மீன் விற்கிற அம்மா ஒருத்தி ஒரு நாள் மீனை நிறுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், உங்கடை பக்கம் களிமண். எங்கடை பக்கம் கடற்கரை மணல். மணலிலை இன்னும் கெதியாய் நகருமே?"

"நகராது அம்மா. ஒண்டும் நகராது."

"நகருது எண்டு நீங்கள்தானாம் படிப்பிச்சனீங்கள். சேசுவே, எங்களுக்கு மட்டும் மறைக்கிறியள்" என்று அழத் தொடங்கிவிட்டாள். அன்றைக்கு நான் மீன் வாங்காமலே வந்தேன்.

உண்மையைச் சொன்னால், மன்னாரில் இயற்கையாகப் பொன் கிடைக்கும் என்று நினைக்கவே இடமில்லை. பொன் இழை உண்டாக நிலத்தோடு நிலம் மோத வேண்டும். எங்கள் கரையோ நிலங்கள் பிய்ந்து பிரிந்த இடம். பிரிந்த பள்ளத்தில் கடல் புகுந்தது, சிப்பியும் சங்கும் படிந்து படிந்து சுண்ணக்கல்லாயிற்று. பக்கத்தில் தகட்டின் விளிம்பு எதுவும் கிடையாது, நாங்கள் நடுவில் கிடக்கிறோம். நிலம் மோதினால் பொன் மேலே வரும் என்று பாடத்தில் எழுதிவிட்டு, இங்கே மனிதர் மோதியதில் கழுத்திலும் கையிலும் கிடந்த பொன் எல்லாம் மண்ணுக்குள் போனதை நினைத்துக்கொண்டு தகரத்தைத் துடைப்பேன். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எந்தப் பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறது?

இதற்கிடையில் விதைப்புக் காலம் வந்துவிட்டது. பெருமழைக்கு முன்னம் புழுதி விதைப்பு முடிய வேண்டும். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வருகிற முதல் காலபோக நெற்செய்கை. சுற்றி எல்லா வயலிலும் ஆட்கள். எங்கள் வயல் மட்டும் பற்றையோடு கிடந்தது, வயல்காரரான அத்தானோ வீட்டுப் பின்வளவில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், அக்கா சொன்னாள், வயல் செய்கிற கமக்காரரின் சங்கத்து ஆள் ஒருவர் வந்து சொல்லிப் பார்த்தார். "வெட்டி முடியட்டும்" என்பதுதான் மறுமொழி.

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறேன், எங்கள் வயலில் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடுகிறது. அத்தானின் தம்பியார். தன் வயலை உழுது முடித்துவிட்டு, கேட்காமல் சொல்லாமல் அண்ணனின் வயலையும் உழுதுகொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தம்பி இருக்க மனிதர் ஏன் மண்ணோடு மல்லுக்கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "கேளாமல் ஏன் உழுறான்?" என்றார். "நெஞ்சுக்குள்ளை என்னவோ குறுகுறுக்குது அவனுக்கு."

அக்கா அந்தச் சொல்லைக் கேட்டு அரிசி களைந்த சட்டியோடு அப்படியே நின்றாள். அதுவரை அவருடைய கண்ணில் மட்டும் இருந்தது அன்றைக்குத்தான் வாய்க்கு வந்தது. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று, பாதி வழியில், மாடுகளைக் கட்டவிழ்க்க மறந்துவிட்டேன் என்று தம்பியார் திரும்பிப் போனவர். இருட்டின பிறகுதான் எங்களை வந்து பிடித்தார். மாடுகள் அவிழ்த்துவிட்டாயிற்று என்றார். எங்களுக்கு அன்றைக்கு அவர் உயிரோடு வந்ததே போதுமாக இருந்தது, ஒருவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இப்போது அத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். நகையை மண் கொண்டுபோயிருக்க வேண்டும், அல்லது தம்பி கொண்டுபோயிருக்க வேண்டும். வெட்டு நீள நீள முதலாவது நம்பிக்கை கட்டையாகிக்கொண்டு வந்தது.

கடைசியில் வெட்டு வேலிக்கு வந்து சேர்ந்தது. வடகிழக்கில் இருந்தது தம்பியாரின் வளவு அல்லவா? அது ஒரு விடுமுறைக் காலை. முதல் மழை பெய்து குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அத்தான் வேலியடியில் வந்து நின்று யோசித்தார். அந்தப் பக்கத்திலிருந்து தம்பியார் வந்தார். ஒரு கதையும் இல்லாமல் வேலிக்கு நட்ட கதியால் தடிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பிடுங்கத் தொடங்கினார்.

"வெட்டுங்கோ அண்ணை. என்ரை கொட்டிலடியையும் வெட்டுங்கோ. நான் வேணுமெண்டால் கொட்டிலைக் கழட்டித் தாறன்."

"உனக்கு ஏனடா இவ்வளவு அவசரம்?"

"உங்களுக்கு மனம் ஆறட்டும் எண்டுதான்."

"மாடு அவிட்டுவிட எண்டு அண்டைக்குத் திரும்பிப் போனது நீதானே?" என்றார் அத்தான்.

தம்பியாரின் கையில் ஒரு கதியால் இருந்தது. அதைக் கீழே போடவும் இல்லை, பிடித்திருக்கவும் தெரியவில்லை. "ஓம் அண்ணை, நான்தான்" என்றார். அவருடைய குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

இவ்வளவு நாளும் பொறுத்தது போதும், இந்தக் கூத்தை இன்றைக்கு முடித்துவிடுகிறேன் என்று குழியின் விளிம்புக்குப் போனேன். "அத்தான், இப்பவாவது கேளுங்கோ! நிலம் ஒண்டையும் வளவுக்குள்ளை இடம் மாத்தி வைக்காது. அந்த அடுப்புக்கல்லைப் பாருங்கோ. மூண்டும் வைச்ச இடத்திலை கிடக்கு. கல் அசையாமல் நடுவிலை கிடந்த டின் மட்டும் எப்பிடி நடக்கும்? அது அங்கை இல்லையெண்டால்…"

"எடி!" என்றாள் அக்கா. அவள் என்னை அப்படிக் கூப்பிட்டுப் பல வருடமாயிற்று. "உள்ளுக்கு வா."

"அக்கா, இதை ஒருக்கால்…"

"உள்ளுக்கு வா எண்டுறன்."

கையில் பிடித்துத் தரப்பாளுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே புகையும் ஈரமும். அவள் மெல்லமாகத்தான் கதைத்தாள், ஆனால் என் கையை விடவில்லை.

"அடுப்புக்கல் அசையேல்லை எண்டு எனக்குக் கண் தெரியாதே? அது நான் வைச்ச கல்லு."

"தெரிஞ்சுகொண்டோ அவரை வெட்ட விட்டனீங்கள்? விதைப்புக்கும் போகாமல் மனிசன் உடம்பை முறிக்குது!"

"வெட்டட்டும். வெட்டுற மட்டும் மண்ணோடைதானே கோவம். நீ இப்ப வெளியிலை என்ன சொல்ல வந்தனீ? மண் எடுக்கேல்லை, மனிசர்தான் எடுத்தது எண்டு. எந்த மனிசர்? நான் புதைக்கேக்கை கண்டது அவன் ஒருத்தன். நீ வாயாலை அவன்ரை பேர் சொல்லத் தேவையில்லை. நீ அந்தக் கதையை முடிச்சாலே போதும், உன்ரை அத்தான் மிச்சத்தைச் சொல்லும்."

"அவர்தான் எடுத்தவர் எண்டு நான் சொல்லேல்லையே. எத்தினை பேர் வந்து போன வளவு இது. ஆரும் எடுத்திருக்கலாம்."

"அந்த ஆரோ இப்ப அங்கை நிக்கேல்லை. அவன்தான் நிக்கிறான்."

தரப்பாள் இடுக்கால் வெளியே பார்த்தேன், அத்தானும் தம்பியாரும் வேலியடியில் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"நகை போயிட்டுது" என்றாள் அக்கா. "அம்மான்ரை தோடும் போயிட்டுது. நான் அழுது முடிச்சிட்டன். அவனும் போனால் உன்ரை அத்தானுக்குச் சகோதரம் எண்டு ஒருத்தரும் இல்லை. அவனுக்கு இந்த உலகத்திலை ஒருத்தரும் இல்லை. நீ படிச்சதைப் பொய் எண்டு நான் சொல்லேல்லை. இண்டைக்கு மட்டும் உன்ரை வாய்க்குள்ளை வைச்சிரு."

"அவர் உண்மையிலேயே எடுத்திருந்தால்?"

அக்கா என் கையை விட்டாள். "எடுத்திருந்தாலும் எனக்கு அவன் வேணும்" என்றாள்.

என் மனம் ஒப்பவில்லை. உண்மையை உண்மை என்று சொல்வதற்கு ஒரு வீட்டில் இத்தனை காவலா? பொய்யை நம்புகிறவர்களோடு சண்டை பிடிக்கலாம். தெரிந்துகொண்டே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற அக்காவோடு எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது? அவளைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வெளியே வந்தேன்.

தம்பியார் குழிக்குள் இறங்கி நின்றிருந்தார். காற்சட்டை முழங்கால் வரை சேறு. என்னை அண்ணாந்து பார்த்தார்.

"டீச்சர், நீங்கள் படிச்சனீங்கள். நீங்களே சொல்லுங்கோ. மண் நகருமோ, நகராதோ?"

நான் எத்தனையோ வருடம் படிப்பித்திருக்கிறேன். என் மறுமொழிக்குப் பயந்து நின்ற ஒரு முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். களவெடுத்தவனும் அப்படித்தான் நிற்பான், எடுக்காதவனும் அப்படித்தான் நிற்பான். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நகரும்" என்றேன்.

"அதுக்குள்ளை கிடக்கிறதும்?" என்று கேட்டது அத்தான்.

"ஓம்."

"வடகிழக்காயோ?"

"அது ஒரே பக்கமாய்ப் போகாது அத்தான். கீழையும் இறங்கும். இப்ப எங்கை கிடக்கும் எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது."

பிள்ளைகளின் விடைத்தாளில் இப்படி ஒரு வசனம் வந்தால் நான் சிவப்புப் பேனையால் குறுக்கே கீறி விட்டிருப்பேன். அத்தான் வானத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். அலவாங்கைக் கிளப்பி வேம்பில் சாத்தினார். "பின்னை இனி வெட்டி என்ன" என்றார். பிறகு குனிந்து தம்பியாருக்குக் கையைக் கொடுத்தார். தம்பியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உடனே ஏறவில்லை. ஏறி வந்ததும் இரண்டு பேருமாக மண்ணைத் தள்ளிக் குழியை மூடத் தொடங்கினார்கள். அக்கா அடுப்பை மூட்டி நாலு பேருக்கும் உலை வைத்தாள். அடுத்த நாள் விடிய அண்ணனும் தம்பியும் ஒன்றாக விதைக்கப் போனார்கள்.

அந்தப் போகம் நல்லாகவே விளைந்தது. ஊரில் இருந்தால் தம்பியார் எங்களோடுதான் சாப்பிடுகிறார். அக்கா அவருக்குத்தான் முதலில் பரிமாறுகிறாள். நான் எதிரே இருந்து சாப்பிட்டுக்கொண்டு அவருடைய கைகளைப் பார்ப்பேன். நகையை எடுத்த ஆள் எங்கேயோ தெரியாத ஊரில் இருக்கிறானா, அல்லது எனக்கு எதிரே இருந்து சோற்றைப் பிசைகிறானா என்று அறிய இனி எனக்கு ஒரு வழியும் இல்லை. கேட்கக் கூடிய ஒரே கேள்வியை நானே என் வாயால் மூடிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன டீச்சர், குழம்பு விடட்டோ?" என்று கேட்பார். விடுங்கோ என்று தட்டை நீட்டுவேன்.